ஒன்பது நிமிடப் பாடம்

சூரியக் குடும்பத்தைப் படித்து முடிக்க ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்பது நிமிடம் போதும். அந்த ஒன்பது நிமிடமும் தவமணி டீச்சருக்கு வேலை கிடையாது. வேலையெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான். தலைக்கு எண்ணெய் அப்பிக்கொண்டு வந்த பிள்ளைகளின் நெற்றியைத் துடைக்க வேண்டும், பட்டையைக் கட்ட வேண்டும், சிவப்பு விளக்கு பச்சையானதும் கழற்றி அலமாரியில் அடுக்க வேண்டும். இருபத்து மூன்று வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவளுக்குக் கடைசியில் வந்து வாய்த்த உத்தியோகம் இது. முடிதிருத்தும் கடையில் துண்டு போர்த்திவிடுகிறவர்கூட நாலு வார்த்தை பேசுவார். இவளுக்கு அதுவும் இல்லை.

பட்டை வந்து ஆறு வருடமாகிறது. ஓர் ஆசிரியர் ஒரு பாடத்தைப் புரிந்துவைத்திருக்கிற விதத்தை அப்படியே அவர் மண்டைக்குள்ளிருந்து எடுத்துப் பதிந்துகொள்கிறார்கள். பிறகு அதைப் பட்டை வழியாகப் பிள்ளையின் மண்டைக்குள் இறக்குகிறார்கள். மனப்பாடம் இல்லை, புரிதலே இறங்குகிறது. மறதி கிடையாது, மந்தமான பிள்ளை என்ற பேச்சே கிடையாது. ஒரு பாடத்துக்கு ஒரே பதிவு, அது மாநிலம் முழுவதற்கும் போகும். யாருடைய புரிதல் சிறந்தது என்று பாடப்பதிவு வாரியம் சோதித்துத் தேர்ந்தெடுக்கும்.

சூரியக் குடும்பத்துக்குத் தேர்ந்தெடுத்தது ரோஸ்லினை. அவள் வேறு எங்காவது இருந்து தொலைத்திருந்தால்கூடத் தவமணி பொறுத்துக்கொண்டிருப்பாள். இதே வெள்ளையம்பட்டி நடுநிலைப் பள்ளி, இதே ஆசிரியர் அறை, எதிர் நாற்காலி. ஒவ்வொரு முறையும் பட்டைகளை இணைத்திருக்கிற பெட்டியை முடுக்கினால் திரையில் முதலில் வருவது, ‘பதிவாசிரியர்: வெ. ரோஸ்லின்’. அந்த மூன்று விநாடியும் தவமணி சன்னலைப் பார்ப்பாள்.

பட்டையைக் கழற்றியதும் பிள்ளைகள் மலங்க விழித்துவிட்டுக் கொடிமரத்தடியைப் பார்ப்பார்கள். “அங்கதான தேங்கா இருக்கும்?” என்று யாராவது கேட்காமல் இருந்ததில்லை. அந்த நேரத்தில் வராந்தாவில் ரோஸ்லின் போனால் போதும், அத்தனையும் எழுந்து வாசலுக்கு ஓடும். தங்களுக்குள் பேசிய குரல் இவளுடையது என்று எப்படியோ தெரிந்துவிடும். ஒருத்தி கையைப் பிடிப்பாள், இன்னொருத்தி சேலைத் தலைப்பைப் பிடிப்பாள். தவமணிக்கு வயிறு எரியும். அதை அவள் தனக்குள் மறைத்துக்கொண்டதே இல்லை. ஆமாம், எரிகிறது, எரியாமல் என்ன செய்யும் என்று சொல்லிக்கொள்வாள்.

இன்னொரு எரிச்சலும் உண்டு. அந்தப் பிள்ளைகள் இவளிடம் வந்தால், “அக்கா, பட்டைய எங்க வைக்கணும்?” என்று கேட்கும். ஐம்பதை நெருங்குகிறவளை, பன்னிரண்டு வயது தாண்டாத வாய் அக்கா என்கிறது. “டீச்சர்னு சொல்லு” என்று அதட்டுவாள். பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு போய், மறுநாள் மறுபடி அக்கா என்று வந்து நிற்கும். வீட்டிலிருந்து நெல்லிக்காய் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு ஓடும். ரோஸ்லின் தன்னைத் ‘தவமணிக்கா’ என்று கூப்பிடுவதைக் கேட்டுப் பிள்ளைகளுக்கும் மரியாதை கெட்டுவிட்டது என்று தவமணி முடிவுகட்டியிருந்தாள்.

அந்தத் தேங்காய் உண்மையில் தவமணியுடையது. அதுதான் அவளுக்கு ஆறவே ஆறாத விஷயம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாடப்புத்தகப் படத்தைப் பார்த்தால் அவளுக்குக் கோபம் வரும். எட்டுக் கோள்களும் தட்டில் வைத்த பணியாரம் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டாள். நிஜத்தை ஆயிரம் கோடி மடங்கு சுருக்கினால் சூரியன் ஒரு தேங்காய். அதைக் கொடிமரத்தடியில் வைத்தால், ஆறு மீட்டர் தள்ளிப் புதன், ஒரு கசகசா. வெள்ளியும் பூமியும் கேழ்வரகு. பூமி பதினைந்து மீட்டர் தள்ளி வேப்பமரத்தடியில். செவ்வாய் இன்னொரு கசகசா, கைப்பம்பு அருகே. அதற்கப்பால் சிறுகோள்கள் என்று ஒரு சிட்டிகை மஞ்சள்பொடியை உள்ளங்கையில் வைத்து ஊதிவிடுவாள். எங்கே விழுந்தது என்றே தெரியாது, நிஜத்திலும் அப்படித்தான். வியாழன் ஒரு சுண்டைக்காய், பள்ளிக்கூட வாசலில். சனி அதைவிடக் கொஞ்சம் சின்னச் சுண்டைக்காய், தண்ணீர்த் தொட்டியடியில். யுரேனஸ் ஒரு மிளகு, ரேஷன் கடைப் படியில். நெப்டியூன் இன்னொரு மிளகு, அது ஊர்முனை பஸ் ஸ்டாப்பில், அரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நடுவில் ஒன்றுமே கிடையாது. அந்த ஒன்றுமில்லாததைப் பிள்ளைகள் கால்வலிக்க நடந்து பார்க்க வேண்டும், அதுதான் பாடம். அடுத்த நட்சத்திரம் எங்கே டீச்சர் என்று கேட்டால், “அது இன்னொரு தேங்கா. ஹாங்காங்ல இருக்கு” என்பாள்.

பதிமூன்று வருடத்துக்கு முன் ரோஸ்லின் தூத்துக்குடியிலிருந்து வந்து சேர்ந்தபோது, மிளகை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டது. “நான் நிக்கேன்க்கா” என்றாள். ஆறு வருடம் நின்றாள். தவமணி கொடிமரத்தடியில் தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பாள். எதிர் முனையில் புள்ளியாக ஒரு கை உயரும். அத்துடன் பாடம் முடியும். பிள்ளைகள் திரும்பி வந்தால் தேங்காயைப் பற்றிப் பேசாது. ரோஸ்லின் டீச்சர் நெப்டியூன் குளிருக்கு நடுங்கிக்காட்டியதைப் பற்றியே பேசும். தவமணிக்கு முதலில் குத்தியது அந்த முதல் வருடமேதான்.

பிறகு வாரியம் வந்தது. இருவருடைய புரிதலையும் எடுத்துப் பார்த்தார்கள். பதிவு செய்ய வந்த இர்ஃபான் என்ற இளைஞன் அவளிடம் மெதுவாகச் சொன்னான்.

“டீச்சர், உங்க பாடத்துல ஒரு குறையும் இல்ல. அளவு, தூரம் எல்லாம் அவங்களோடதவிடத் துல்லியமா இருக்கு. ஆனா பிள்ளைங்களுக்கு இறங்கப் பதினோரு நிமிஷம் ஆகுது. அவங்களோடது ஒம்பதுல இறங்கிருது.”

“ஏன் அப்படி?”

“அது எங்களுக்கே பிடிபடல. சில பேரோட புரிதல்ல எண்ணெய் போட்ட மாதிரி ஏதோ ஒண்ணு இருக்கு. வழுக்கிக்கிட்டு இறங்குது.”

இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்காகத் தன் தேங்காய், தன் கசகசா, தன் சுண்டைக்காய் எல்லாம் ரோஸ்லின் பெயரில் ஊர் ஊராகப் போயின. ரோஸ்லின் அன்றைக்கு வந்து, “இது உங்க பாடந்தான்க்கா, எனக்கு வெக்கமா இருக்கு” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அது இன்னும் எரிந்தது. கர்வமாக இருந்து தொலைத்தாலாவது வெறுக்க வசதியாக இருக்கும். பதிவு வந்தபிறகு பஸ் ஸ்டாப் வரை நடப்பதும் நின்றுபோயிற்று. ஒன்பது நிமிடத்தில் கிடைப்பதற்கு எந்தத் தலைமையாசிரியர் வெயிலில் நடக்கவிடுவார்?

ஆறு வருடம் இப்படிப் போனது. அப்புறம் வானத்திலிருந்தே தவமணிக்கு ஒரு வாய்ப்பு வந்தது. நெப்டியூனுக்கு வெகு அப்பால் ஒன்பதாவதாக ஒரு கோளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எல்லாப் பாடத்தையும் திருத்த வேண்டும். புதுப் பதிவுக்கு விரும்புகிறவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. தவமணி அன்றே கணக்குப் போட்டாள். அவளுடைய அளவில் அது ஒரு கொத்தமல்லி விதை, ஆறு கிலோமீட்டர் தள்ளி, ரயில்வே கேட்டில்.

“நீ போடலையா?” என்று ரோஸ்லினிடம் கேட்டாள், கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே.

“நான் எதுக்குக்கா? நீங்கதான் போடணும். உங்களுக்கு வரவேண்டியதுதான அது.”

பிச்சை போடுகிறாளா என்று தவமணிக்குத் தோன்றியது. இருந்தாலும் வாங்கிக்கொண்டாள்.

பதிவு அன்று காலை பத்து மணி வெயில். பிள்ளைகளை வகுப்புக்குள் வைத்துவிட்டு, இர்ஃபான் அவள் தலையில் கனமான பட்டையைக் கட்டிக் கொடிமரத்தடியில் நிறுத்தினான்.

“வேற ஒண்ணும் நினைக்காம பாடத்த மட்டும் மனசுல ஓட்டுங்க டீச்சர். போன மாசம் பின்னங்கள் பாடம் எடுத்தோம். அந்த சாருக்கு இடுப்புவலி. இப்ப நாலு மாவட்டத்துப் பிள்ளைங்க பின்னம் போட்டா இடுப்பப் பிடிக்குது.”

“அதெல்லாம் கண்டுபிடிக்க மாட்டீங்களா?”

“சல்லடைன்னு ஒரு சோதனை இருக்கு. உங்கள இதுவரைக்கும் பாத்தே இராத அஞ்சு பிள்ளைங்களுக்குப் போட்டுப் பாப்போம். வாசனை வருதா, வலி வருதா, பசிக்குதா, பயமா இருக்கான்னு கேப்போம். அந்த சாரோடது அவசரத்துல தப்பிருச்சு.”

தவமணி கண்ணை மூடிப் பாடத்தை ஓட்டினாள். தேங்காய், கசகசா, இரண்டு கேழ்வரகு, மஞ்சள்பொடி, சுண்டைக்காய்கள், மிளகு, எல்லாம் அதனதன் இடத்தில் சொன்னபடி நின்றன. பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். அங்கே இரண்டாவது மிளகு இருக்க வேண்டும். இருந்தது, ரோஸ்லின் கையில். யாரும் கூப்பிடாமலே அவள் வந்து நின்றுகொண்டிருந்தாள். ஆறு வருடம் அங்கேயே பார்த்துப் பழகிய மனசுக்கு நெப்டியூன் என்றாலே அவள்தான். போ என்று தவமணி விரட்டினாள், போகவில்லை. சரி, அந்தக் கொத்தமல்லியையும் அவள் கையிலேயே கொடுத்து, இன்னும் தள்ளி, ரயில்வே கேட்டுக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தினால் எப்படியிருக்கும் என்று ஒரு நினைப்பு வந்து போனது. ஒரு கணம்தான். சுகமாக இருந்தது.

சல்லடைக்குத் தர்மபுரியிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் ஐந்து பிள்ளைகளைப் பிடித்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் கொத்தமல்லி வாசம் வருகிறது என்றது. அந்த வாசத்தைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு ஒரு கலப்பும் இல்லை. பதினோரு நிமிடம், தேர்ச்சி. அடுத்த ஜூனில் திரையில் ‘பதிவாசிரியர்: சு. தவமணி’ என்று வந்தபோது அந்த மூன்று விநாடி பற்றாமல், பெட்டியை அணைத்து மறுபடி ஒருமுறை முடுக்கிப் பார்த்தாள்.

புது ஆறாம் வகுப்பு பட்டையைக் கழற்றியது. கொடிமரத்தைப் பார்த்தது. “அங்கதான தேங்கா இருக்கும்?” என்றது ஒரு பையன். “டீச்சர்” என்று மரியாதையாகக் கூப்பிட்டன எல்லாம். அக்காவும் இல்லை, நெல்லிக்காயும் இல்லை. தவமணிக்கு மனசு குளிர்ந்துபோனது. அப்போது வராந்தாவில் ரோஸ்லின் வந்தாள். வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே வாசலில் நின்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை. வகுப்பு சட்டென்று அமைதியானது. முன்வரிசையில் கனிமொழி என்ற பிள்ளை, ரோஸ்லினின் சேலையைக் கீழிருந்து மேல்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, வாயின் ஓரத்தைக் கொஞ்சம் கோணிக்கொண்டு நோட்டைத் திருப்பியது.

உண்மையைச் சொன்னால், முதல் பத்து நாள் தவமணி அதை அனுபவித்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தின்பண்டத்தை வாயில் ஒதுக்கிக்கொண்டு போவதுபோல் அதை வைத்துக்கொண்டு போனாள். பதினோராவது நாள் காலையில், தலைசீவும்போது கண்ணாடியில் எதேச்சையாக ரோஸ்லினை நினைத்தாள். வாயின் ஓரம் கோணியது. சீப்பு அப்படியே நின்றுவிட்டது. கனிமொழியின் வாய் அது.

அன்றிலிருந்து பார்க்கப் பார்க்கத் தெரிந்தது. ரோஸ்லின் எதையாவது கீழே போட்டால் வகுப்பில் ஒரு திருப்தி பரவும். யாராவது அவளைப் புகழ்ந்தால் முப்பது முகமும் ஒன்றுபோல் இறுகும். வேறு வகுப்புகளில் இல்லை. இந்த வருடம் பட்டை கட்டிய ஆறாம் வகுப்பு மட்டும்தான்.

ரோஸ்லின் மெலிந்துபோனாள். “எனக்கு என்னன்னே தெரியலக்கா. போன வாரம் கண்காட்சிக்குத் தென்காசிக்குப் போயிருந்தேன்லா, அங்கயும் இப்படித்தான். பாத்தே இராத பிள்ளைங்க, ஆறாப்புப் பிள்ளைங்க, என்னக் கண்டா முகத்தத் திருப்புதுங்க. எம்மேல ஏதும் நாறுதா?”

“அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல” என்றாள் தவமணி. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சொன்னால் பதிவு போய்விடும், திரையில் அந்த மூன்று விநாடி போய்விடும். வாயை மூடிக்கொண்டாள்.

இப்படியே வருடம் முடிய வந்தது. பிப்ரவரியில் ரோஸ்லின் ஒரு விண்ணப்பம் எழுதினாள். வகுப்பே வேண்டாம், மாவட்ட அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் வேலைக்கு மாற்றிக்கொடுங்கள் என்று. “நேர்ல கொண்டு குடுக்கணும். எனக்குத் தனியாப் போக மனசு வரல. துணைக்கு வாங்கக்கா” என்றாள். தவமணி போனாள்.

பஸ்ஸில் கூட்டம். இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்து இருக்கையில் பிளஸ் டூ படிக்கிற வயதில் ஒரு பெண்ணும், சன்னலோரம் அவள் தங்கையும். அந்தப் பெண் நிமிர்ந்து தவமணியைப் பார்த்தாள். உடனே எழுந்துவிட்டாள்.

“அக்கா, இங்க உக்காருங்க.”

அருகில் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருத்தி கூடையோடு தள்ளாடிக்கொண்டிருந்தாள். “அந்தம்மாவுக்குக் குடும்மா” என்றாள் தவமணி.

“அவங்களுக்கும் இடம் கேட்டுத் தாரேன். நீங்க உக்காருங்கக்கா.” அந்தப் பெண்ணுக்கே தன் அவசரம் வெட்கமாக இருந்தது. “உங்கள எனக்குத் தெரியும். எங்கன்னுதான் பிடிபடல.”

“எந்த ஊரு நீ?”

“சங்கரன்கோயில்.”

“நான் அங்க வந்ததே இல்லையே.”

அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். “ஒரு கொடிமரத்துக்கிட்ட, தேங்காயத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்களாக்கா? ரொம்பத் தூரத்துல, சின்னதாத் தெரிவீங்க. சூரியக் குடும்பம்னு நினைச்சாலே அப்படித்தான் வரும். நான் அது யாரோன்னு நினைச்சிருந்தேன். உங்கள இப்பப் பாத்ததும்…” மேலே சொல்லத் தெரியாமல் சிரித்தாள். பாசத்தை மறைக்கத் தெரியாத சிரிப்பு.

தவமணி உட்கார்ந்தாள். இந்தப் பெண் ஆறாம் வகுப்பில் கட்டியது ரோஸ்லினின் பதிவு. பஸ் ஸ்டாப்பில் மிளகோடு நின்றவள் கண்ணுக்குத் தெரிந்தது இதுதான். தூரத்தில் ஒரு தேங்காய், அதைத் தூக்கிப் பிடித்த அக்கா. இர்ஃபான் சொன்ன எண்ணெய் இதுதான் போலிருக்கிறது. அக்கா அக்கா என்று வந்த பிள்ளைகளையெல்லாம் ஆறு வருடமாக அதட்டி அனுப்பியிருக்கிறாள்.

ரோஸ்லின் இது எதையும் கவனிக்கவில்லை. சன்னலோரத் தங்கையின் அவிழ்ந்திருந்த ரிப்பனைப் பார்த்து, பழக்கதோஷத்தில், “கட்டிவிடட்டாம்மா?” என்று கையை நீட்டினாள். பிள்ளை சன்னலோடு ஒட்டிக்கொண்டது. ரோஸ்லினை மேலும் கீழும் பார்த்தது. வாயின் ஓரம் கோணியது.

“ஏட்டி, என்ன பழக்கம் இது?” என்று அக்காள்காரி அதட்டினாள். “எத்தனாப்புப் படிக்கு?” என்று கேட்டாள் தவமணி, தெரிந்திருந்தும்.

“ஆறாப்புக்கா.”

மாவட்ட அலுவலக வாசலில் இறங்கியதும் தவமணி ரோஸ்லினின் கையிலிருந்து விண்ணப்பத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நீ எங்கயும் போகண்டாம். போகவேண்டியது என் பதிவு.”

“என்னக்கா சொல்லுதீங்க?”

“அதுக்குள்ள பாடம் மட்டுமில்ல, நானும் போயிருக்கேன். உம்மேல எனக்கு இருந்த பொறாமையும் போயிருக்கு. அந்தப் பிள்ளைங்க உன்னப் பாக்குறது அதுங்க பார்வை இல்ல. என் பார்வை.”

வாசலில் ஒருவர் சைக்கிளைப் பூட்டிவிட்டுப் போகும்வரை ரோஸ்லின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தன வருஷமாக்கா?”

“ரொம்ப வருஷமா.”

“நான் பஸ் ஸ்டாப்புல நின்ன காலத்துலயுமா?”

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு என்று பார்த்துத் தவமணிக்குப் பொய் வரவில்லை. “ஆமா” என்றாள்.

ரோஸ்லின் தலையை ஆட்டினாள். பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினாள். “சரிக்கா, விடுங்க. முகமெல்லாம் வேத்திருக்கு, குடிங்க.”

அதே கட்டடத்தின் மாடியில் இருந்த வாரிய அலுவலகத்தில் தந்த படிவத்தில், ‘பதிவில் கலந்திருப்பது என்ன?’ என்று ஒரு கட்டமும், ‘யாரைக் குறித்து?’ என்று ஒரு கட்டமும் இருந்தன. தவமணி இரண்டையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டாள். இர்ஃபான் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“ஆள் மேல இருக்கிற உணர்ச்சி அந்த ஆள நேர்ல கண்டாத்தான் எந்திரிக்கும் போல. சல்லடைப் பிள்ளைங்க அஞ்சும் ரோஸ்லின் டீச்சரப் பாத்ததே இல்ல, எப்படித் தெரியும்?” என்றான். “ஏற்கெனவே போட்ட பிள்ளைங்களுக்கு ஒண்ணும் செய்ய முடியாது டீச்சர். போட்டது போட்டதுதான். வரப்போற ஆறாப்புக்கு வேணா மாத்தலாம். வாசனைய எடுத்த மாதிரி உணர்ச்சிய மட்டும் தனியா எடுக்க வராது. ரோஸ்லின் டீச்சரத்தான் திரும்ப எடுக்கணும். புதுக் கோளுக்காக முழுசா முதல்ல இருந்து எடுக்கணும்.”

அப்போதும், அந்த இடத்திலும், தவமணிக்கு ஒரு கணம் சுருக்கென்று எரிந்தது. தன்னையே காறித்துப்ப வேண்டும்போல இருந்தது.

ரோஸ்லின் மறுக்கவில்லை. கோடை விடுமுறையில் பள்ளிக்கு வந்து பட்டையைக் கட்டிக்கொண்டு பாடத்தை ஓட்டினாள். கொத்தமல்லிக் கணக்கைத் தவமணியிடமே கேட்டு எழுதிக்கொண்டாள். மத்தியானம் இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். ரோஸ்லின் தன் மீன்குழம்பில் பாதியை எப்போதும்போல இவள் டப்பாவில் ஊற்றினாள். அந்தப் பேச்சை அதன்பிறகு அவள் ஒருமுறைகூட எடுக்கவில்லை. மன்னித்துவிட்டாள் என்று தவமணி நினைத்தாள். சல்லடை முடிந்து இர்ஃபானும், “ரொம்பச் சுத்தம், ஒரு கலப்பும் இல்ல” என்று சொன்னான்.

ஜூன் வந்தது. தவமணி அன்று சீக்கிரமே வந்துவிட்டாள். முப்பத்திரண்டு நெற்றியைத் துடைத்து, முப்பத்திரண்டு பட்டை கட்டி, பெட்டியை முடுக்கினாள். ‘பதிவாசிரியர்: வெ. ரோஸ்லின்’. இந்தத் தடவை சன்னலைப் பார்க்கவில்லை, மூன்று விநாடியும் அதையே பார்த்தாள். இந்த வருடம் எந்தப் பிள்ளையையும் அதட்டக் கூடாது என்று தீர்மானம் செய்திருந்தாள். அக்கா என்று கூப்பிட்டால் என்ன என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். நெல்லிக்காய் கொண்டுவந்தால் அதன் முன்னாலேயே ஒன்றைக் கடித்துக்காட்ட வேண்டும். சங்கரன்கோயில் பிள்ளையின் மண்டைக்குள் தேங்காயோடு நிற்கிற அந்தத் தவமணி மேல் அவளுக்கு நாலு மாதமாகப் பொறாமையாக இருந்தது. அவளை மறுபடி பார்க்க வேண்டும்போல இருந்தது.

ஒன்பது நிமிடமானதும் முதல் பட்டையைக் கழற்றக் கை தானாகப் போனது. விளக்கு சிவப்பாகவே இருந்தது.

பெட்டியில்தான் கோளாறு என்று நினைத்துப் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினாள். வயரைப் பார்த்தாள், சரியாக இருந்தது. பத்து நிமிடமாயிற்று. பிள்ளைகள் கண்மூடி அமைதியாக உட்கார்ந்திருந்தன. தவமணி கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

பதினோராவது நிமிடத்தில் பச்சை எரிந்தது.

பிள்ளைகள் விழித்துக் கொடிமரத்தைப் பார்த்தன. “அங்கதான தேங்கா இருக்கும்?” என்றது ஒன்று. வராந்தாவில் ரோஸ்லின் வந்தாள். கூட்டமாக எழுந்து அவளிடம் ஓடின. ஒருத்தி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளுக்கு நடுவிலிருந்து ரோஸ்லின் தலையை நீட்டி, “தவமணிக்கா, டீ வந்திருச்சு, ஆறிரும்” என்றாள். அந்தக் குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

கடைசி வரிசையில் இருந்த ஒரு சின்னப் பிள்ளை மட்டும் ஓடவில்லை. பட்டையைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு மேசையருகே வந்து, ஒதுங்கி, மரியாதையாக நின்றது.

“டீச்சர், இத எங்க வைக்கணும்?”

தவமணி அலமாரியைக் காட்டினாள்.